பழைய ஹாக்கி ஜெர்சி ஒண்ணு வாங்கினேன்: 56 சைஸ், ஒம்பது தையல், உள்ள ஒரு ஸ்ட்ராப்

போன மாசம் ஒரு ஐஸ் ஹாக்கி ஜெர்சி வாங்கினேன், கடையில புதுசா தொங்குற ரகம் இல்ல, ஒருத்தர் நிஜமாவே மேட்ச்ல போட்டு ஆடி, கிழிஞ்சு, தைச்சு, மறுபடி கிழிஞ்சு, மறுபடி தைச்சது. விலை 340 கனடா டாலர், ஷிப்பிங் தனியா 28. ஹாமில்டன்ல எங்க வீட்டுக்கு வந்து சேர மூணு வாரம் ஆச்சு. பழைய ஜெர்சிங்களை சேத்து விக்கிற ஒரு ஆன்லைன் கடையில வாங்கினது, கடை பேரு சொல்லல, கீழ ஒரு குறை சொல்லப்போறேன். ஆடினவர் பேரையும் டீம் பேரையும் கூட சொல்லப்போறதில்ல, ஏன்னா அவர் பெரிய ஸ்டார் எல்லாம் இல்ல, ஆட்டத்தை விட்டு வெளிய வந்து எங்கயோ தன் வாழ்க்கையைப் பாத்துக்கிட்டு இருக்கிற மனுஷன், அவரோட சட்டையை வெச்சுக்கிட்டு நான் பாட்டுக்கு ஊகம் பண்றது அவர் பேர்ல போய் ஒட்டிக்கக்கூடாது.

அவர் ஒரு என்ஃபோர்சர். ஈசிஹெச்எல் லீக்ல ஆடினவர்.

தெரியாதவங்களுக்காக கொஞ்சம் சொல்லிடறேன். நம்ம தன்ராஜ் பிள்ளை ஆடின ஹாக்கி இல்ல இது, ஐஸ் மேல ஸ்கேட் கட்டிக்கிட்டு ஆடுறது. இங்க கனடாவுலயும் அமெரிக்காவுலயும் மேல என்ஹெச்எல், அதுக்குக் கீழ ஏஹெச்எல், அதுக்கும் கீழ ஈசிஹெச்எல், அப்புறம் இன்னும் சின்னச் சின்ன லீக் எல்லாம் உண்டு, கீழ ஆடுற எல்லாருக்கும் கண்ணு மேலதான் இருக்கும். இந்த ஆட்டத்துல ரெண்டு பேர் கிளவுஸைக் கீழ போட்டுட்டு அடிச்சுக்கிட்டா ரெஃப்ரி வெளிய துரத்த மாட்டார், ஆளுக்கு அஞ்சு நிமிஷம் பெனால்டி பாக்ஸ்ல உக்கார வைப்பார், அவ்ளோதான், முடிஞ்சதும் திரும்ப வந்து ஆடலாம். அதனாலயே ஒவ்வொரு டீமும் அடிக்கிறதுக்குன்னே ஒரு ஆளை வெச்சிருந்தாங்க. நம்ம டீமோட நல்ல பிளேயரை எதிர் டீம்காரன் வேணும்னே இடிச்சா, இந்த ஆளு போய்க் கேப்பார். கோல் போடறது அவர் வேலை இல்ல, மேட்ச்ல நாலஞ்சு நிமிஷம் ஐஸ்ல இறங்கினாலே பெருசு. மத்த நேரம் பெஞ்ச்ல உக்காந்து, கால் ஆறிப்போயி, எப்ப கோச் கைய காட்டுவார்னு காத்துக்கிட்டு இருக்கணும், காட்டின அடுத்த அரை நிமிஷத்துல தன்னை விடப் பெரிய ஒருத்தன் முன்னாடி வெறுங்கையோட நிக்கணும். இந்த வேலையைப் பத்தி நான் யோசிக்க ஆரம்பிச்சது 2013ல, அதுக்கு அப்புறம் வரேன், முதல்ல சாமானைப் பத்தி.

பார்சலைப் பிரிச்சதும் ஒரு வாசனை வந்துச்சு பாருங்க, பழைய வேர்வை, ரப்பர், அலமாரி வாசனை மூணும் கலந்து, எங்க வீட்டம்மா சமையக்கட்டுல இருந்து "ஏங்க, என்னங்க அது, முதல்ல கராஜ்ல கொண்டு போய் வைங்க"ன்னு சத்தம் போட்டாங்க. துணி பாலியெஸ்டர், சின்னச் சின்ன ஓட்டை போட்ட மெஷ் ரகம், ஆனா முழங்கை பக்கமும் தோள்பட்டையும் ரெண்டு அடுக்கு. கையில எடுத்தா நெனச்சதை விட கனம். சைஸ் 56, உள்ள பேட் எல்லாம் கட்டிக்கிட்டு மேல போடறதுக்காக தைச்சது, அதனால சாதாரண ஆளு போட்டா தொளதொளன்னு முட்டிக்கு மேல வரைக்கும் தொங்கும். சட்டையா போட்டுட்டு வெளிய போகலாம்னு வாங்குறவங்க இதை வாங்காதீங்க, அதுக்கு புது ரெப்ளிக்கா கம்மி விலையில கிடைக்குது.

நிஜமா ஆடின ஜெர்சியா, இல்ல கடையில வாங்கி தேய்ச்சு பழசாக்கினதான்னு எப்படிப் பாக்குறது? இதுதான் நிறைய பேர் ஏமாறுற இடம். ஐஸ் ஆடுகளத்தை, அதாவது ரிங்க்கைச் சுத்தி சுவர் மாதிரி இருக்கிற போர்டுல உரசி உரசி துணியில பளபளன்னு ஒரு தேய்மானம் வரும், சூட்டுல லேசா உருகின மாதிரி இருக்கும். பக், அதாவது பந்துக்குப் பதிலா அடிச்சு ஆடுற கருப்பு ரப்பர் வட்டு, அது பட்ட இடம் கருப்பா வட்டமாவோ கோடாவோ தெரியும். உள்பக்கம் திருப்பிப் பாத்தா முழங்கை பேடோட வெல்க்ரோ உரசி நூல் நூலா பிசிறு அடிச்சிருக்கும், இது ரொம்ப முக்கியம், வெளிய யார் வேணா அழுக்காக்கலாம், உள்ள அந்த மாதிரி பண்றது கஷ்டம். என் ஜெர்சியில மூணும் இருந்துச்சு.

அப்புறம் தையல். டீமோட எக்விப்மென்ட் மேனேஜர் மேட்ச் முடிஞ்சதும் ராத்திரி உக்காந்து மெஷின்ல ஓட்டினது, ஜிக்ஜாக்கா, அவசரத்துல, நூல் கலர் கூட சில இடத்துல மேட்ச் ஆகல. எண்ணிப் பாத்தேன், ஒம்பது இடம். இதுல எனக்கு ஒரு விஷயம் ரெண்டு நாள் கழிச்சுதான் உறைச்சுது, ஒம்பதுல ஏழு தையல் வலது பக்கம். வலது தோள், கழுத்துக்கு வலது ஓரம், வலது கைச் சட்டையோட மேல் பாகம். ஏன்னு யோசிச்சுப் பாத்தா, ஐஸ்ல நின்னு அடிக்கறப்ப காலுக்குப் பிடிமானம் கிடையாது, அதனால ரெண்டு பேரும் ஒருத்தர் சட்டையை ஒருத்தர் ஒரு கையால இறுக்கிப் பிடிச்சுக்குவாங்க, பிடிச்சுக்கிட்டு இன்னொரு கையால குத்துவாங்க. எதிராளி எந்தக் கையால நல்லா குத்துவானோ அந்தக் கையோட சட்டையைத்தான் பிடிக்கணும், அப்பதான் அவன் கை ஓடாது. அப்போ இந்த மனுஷன் வலது கைக்காரர், அது லீக் முழுக்கத் தெரிஞ்சிருக்கு, வந்தவன் எல்லாம் அந்தத் தோளைத்தான் பிடிச்சுத் தொங்கியிருக்கான். பேரு தெரியாத எத்தனையோ பேரோட விரல் அந்த ஒரு சாண் துணியில இருந்திருக்குன்னு நெனச்சப்ப எனக்கு கொஞ்ச நேரம் அதைக் கீழ வைக்கவே மனசு வரல.

உள்ள பின்பக்கம், அடி ஓரத்துல ஒரு பட்டை தைச்சிருக்கு, நுனியில பட்டன் மாதிரி ஸ்னாப்பும் வெல்க்ரோவும். இதுதான் ஃபைட் ஸ்ட்ராப். இதை பேன்ட்டோட பின்னாடி இருக்கிற லூப்ல நுழைச்சு மாட்டிக்கணும். மாட்டலைன்னா எதிராளி ஜெர்சியைத் தலைக்கு மேல இழுத்துப் போட்டுடுவான், கண்ணு மறைஞ்சுடும், கை ரெண்டும் சட்டைக்குள்ள மாட்டிக்கும், அதுக்கப்புறம் அவன் குத்துற குத்து எல்லாம் ஃப்ரீ. பஃபலோ சேபர்ஸ்ங்கற என்ஹெச்எல் டீம்ல ராப் ரேன்னு ஒருத்தர் இருந்தார், அவர் இதையே தலைகீழா பண்ணினார், சண்டை ஆரம்பிச்சதும் ஜெர்சி, பேட் எல்லாம் மொத்தமா கழண்டு வந்துடற மாதிரி வெச்சிருப்பார், எதிராளிக்குப் பிடிக்கவே ஒண்ணும் இருக்காது, இவர் வெத்து உடம்போட நின்னு அடிப்பார். 90கள்ல என்ஹெச்எல் இதுக்குன்னே ரூல் கொண்டு வந்துச்சு, ஜெர்சியை பேன்ட்டோட கட்டியே ஆகணும், கட்டாம சண்டையில கழண்டா மேட்ச்லேர்ந்தே வெளிய. இன்னிக்கும் அதை ராப் ரே ரூல்னுதான் சொல்றாங்க. என் ஜெர்சியில இந்த ஸ்ட்ராப்போட அடித் தையல் மட்டும் மூணு தடவை போட்டிருக்கு, ஒண்ணு மேல ஒண்ணு. வாங்குறவங்க இதை ஒரு தடவை நல்லா இழுத்துப் பாருங்க. ஸ்ட்ராப் புதுசு மாதிரி இருந்தா அது அலமாரியில தொங்கின ஜெர்சி, என்ஃபோர்சர் போட்டதுன்னு சொன்னா நம்பாதீங்க.

வலது மணிக்கட்டு ஓரத்துல ஒரு பழுப்புக் கறை இருக்கு. வீட்டம்மா பாத்துட்டு "ரத்தமா?"ன்னு கேட்டாங்க, ஆமான்னேன். யாரோடதுன்னு தெரியாது. அனேகமா அவரோடதாத்தான் இருக்கும், ஏன்னா இந்தச் சண்டையில முகத்தை விட சீக்கிரம் போறது குத்துறவன் கைதான். ஹெல்மெட்ல படும், முகத்துக்கு முன்னாடி இருக்கிற வைசர்ல படும், விரல் முட்டி எல்லாம் கிழியும், தோல் ஆறுறதுக்குள்ள அடுத்த மேட்ச் வந்துடும். இந்தக் கீழ் லீக்ல வெள்ளி, சனி, ஞாயிறு மூணு நாளும் தொடர்ந்து மேட்ச் வைக்கிறது சர்வ சாதாரணம். வெள்ளிக்கிழமை கிழிஞ்ச கையோட சனிக்கிழமை இன்னொரு ஊர்ல, ராத்திரி முழுக்க பஸ்ல போயி, இன்னொரு டீமோட இதே மாதிரி ஒரு ஆளு முன்னாடி நிக்கணும். சம்பளம் வாரத்துக்கு சில நூறு அமெரிக்க டாலர், சீசன் நடக்கிற வரைக்கும் தங்க இடம் டீம் குடுக்கும். சீசன் முடிஞ்சா அதுவும் இல்ல, வேற வேலை தேடணும்.

இப்ப அந்தக் குறை. கடைக்காரங்க ஜெர்சியோட ஒரு சான்றிதழ் அனுப்பியிருந்தாங்க, அதுல "ஒரே சீசன், ஒரே பிளேயர், நேம்ப்ளேட் மாத்தப்படாதது"ன்னு தெளிவா இருந்துச்சு. நேம்ப்ளேட்னா முதுகுல பேரு எழுதியிருக்கிற துணிப்பட்டை, ஜெர்சி மேல நேரடியா எழுத்தைத் தைக்காம, ஒரு பட்டையில எழுத்தைத் தைச்சு, அந்தப் பட்டையை முதுகுல வெச்சுத் தைப்பாங்க. நான் வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சுப் பாத்தேன், இப்ப இருக்கிற பட்டையோட ஓரத்துக்கு வெளிய, அரை இன்ச் தள்ளி, வரிசையா ஊசி ஓட்டை. அதுக்கும் வெளிய இன்னொரு வரிசை, அது கொஞ்சம் நீளம். அதாவது இந்த முதுகுல இதுக்கு முன்னாடி ரெண்டு பேரு இருந்திருக்கு, ஒருத்தருக்கு சின்னப் பேரு, ஒருத்தருக்கு நீளப் பேரு. பணம் கம்மியான லீக்ல இது வழக்கம்தான், ஜெர்சி டீமோடது, ஆளு போனா பட்டையைப் பிரிச்சுட்டு அடுத்த ஆளு பேரைத் தைப்பாங்க. வழக்கம்ங்கறதுக்காக சான்றிதழ்ல பொய் எழுதலாமா? போட்டோ எடுத்து மெயில் அனுப்பினேன், நாலு நாள் கழிச்சு "எங்களுக்கு வந்த தகவல் அப்படித்தான்"னு ஒரு வரி பதில். கொஞ்சம் பணம் திருப்பிக் குடுங்கன்னு கேட்டேன், முடியாது, வேணும்னா ஜெர்சியைத் திருப்பி அனுப்புங்க, ஷிப்பிங் உங்க செலவுன்னாங்க.

அனுப்பல. அனுப்பணும்னு பெட்டியில மடிச்சு வெச்சு டேப் கூட ஒட்டிட்டேன், அப்புறம் எடுத்துட்டேன். ஏன்னா அந்த ஊசி ஓட்டையைப் பாத்ததுக்கு அப்புறம்தான் எனக்கு இந்த வேலை என்னன்னு சரியா புரிஞ்சுது. நெஞ்சுல இருக்கிற டீம் சின்னம் நெருக்கமா, அழகா, ரெண்டு ஓட்டு ஓட்டி தைச்சிருக்கு, அது எப்பவும் பிரியாது. முதுகுல இருக்கிற பேரை நீளத் தையலா, லேசா போட்டிருக்காங்க, பிரிக்கிறப்ப சுலபமா வரணும்னே அப்படித் தைச்சது. அந்தச் சின்னத்துக்காகத்தான் அவர் சட்டையோட வலது பக்கம் ஏழு தடவை கிழிஞ்சிருக்கு.

ஆளோட கணக்கைப் பழைய ஸ்டாட்ஸ் எல்லாம் போட்டிருக்கிற சைட்ல போய்ப் பாத்தேன். அஞ்சு சீசன், ஏழு டீம், மொத்தம் நாலு கோல், பெனால்டி மினிட்ஸ், அதாவது பெனால்டியா வாங்கின நிமிஷக் கணக்கு மட்டும் ஆயிரத்துக்கு மேல. ஏஹெச்எல்ல மூணே மூணு மேட்ச் ஆடக் கூப்பிட்டிருக்காங்க, அந்த மூணுல ரெண்டு சண்டை. என்ஹெச்எல் கிடையவே கிடையாது. நாலாவது சீசன்ல ஒரே வருஷத்துல மூணு டீம் மாறியிருக்கார், நம்ம ஊர்ல டிரான்ஸ்ஃபர்னா ஆறு மாசம் புலம்புவோம், இவருக்கு டிசம்பர்ல ஒரு ஊரு, ஜனவரியில ஒரு ஊரு. அஞ்சாவது சீசன்ல 11 மேட்ச்சோட லைன் நிக்குது. அதுக்குக் கீழ ஒண்ணுமில்ல, வெள்ளைத் தாள்தான்.

2013னு சொன்னேன்ல. நான் ஹாமில்டன் வந்த புதுசு, வேலை இடத்துல ஒரு பெரியவர், பிறந்ததுலேர்ந்து இந்த ஊர்க்காரர், என்னை ஹாமில்டன் புல்டாக்ஸ் மேட்ச்சுக்குக் கூட்டிட்டுப் போனார், அப்ப அந்த அரங்கத்துக்கு காப்ஸ் கொலிசியம்னு பேரு, டீம் மான்ட்ரியல் கனேடியன்ஸோட ஏஹெச்எல் டீம். ரெண்டாவது பீரியட்ல ஒரு சண்டை வந்துச்சு. கூட்டம் மொத்தமும் எந்திரிச்சுது, நானும் எந்திரிச்சு கத்தினேன், ஜல்லிக்கட்டுல வாடிவாசல் திறந்தா வர்ற மாதிரி ஒரு சத்தம். பெரியவர் மட்டும் உக்காந்தே இருந்தார். முடிஞ்சதும் சொன்னார், நீ டென்னிஸ் பான்வியைப் பாத்திருக்கணும்னு.

டென்னிஸ் பான்வி பத்தி அப்புறம் நான் தேடித் தேடிப் படிச்சேன். நோவா ஸ்கோஷியாவுல ஆன்டிகோனிஷ்ல 1973ல பிறந்தவர், இளம் பிளேயர்களை டீம்கள் தேர்ந்தெடுக்கிற டிராஃப்ட்ல எந்த என்ஹெச்எல் டீமும் எடுக்காத ஆளு. 1996ல கேப் பிரெட்டன் டீம் ஹாமில்டனுக்கு இடம் மாறி புல்டாக்ஸ் ஆச்சு, இவரும் கூடவே வந்தார். அந்த முதல் சீசன்ல, 1996-97ல, ஒரே சீசன்ல 522 பெனால்டி மினிட்ஸ். ஏஹெச்எல் ரெக்கார்ட் அது. ஒரு மேட்ச் 60 நிமிஷம்தான், கணக்குப் போட்டா கிட்டத்தட்ட ஒம்பது மேட்ச் முழுசா பெனால்டி பாக்ஸ்லயே உக்காந்த மாதிரி. அந்த வருஷம் டீம் ஏஹெச்எல் சாம்பியன் கோப்பையான கால்டர் கப் ஃபைனல் வரைக்கும் போய் ஹெர்ஷி பேர்ஸ்கிட்ட தோத்துச்சு. அதுக்கப்புறமும் பத்து வருஷத்துக்கு மேல ஊர் ஊரா ஆடினார், பெனால்டி மினிட்ஸ் நாலாயிரத்தைத் தாண்டுச்சு. நடுநடுவுல என்ஹெச்எல் கூப்பிடும், போவார், திரும்பி வருவார், எட்மன்டன், சிகாகோ, பிட்ஸ்பர்க், பாஸ்டன், ஒட்டாவா, கொலராடோன்னு ஆறு டீம், எல்லாம் சேத்து 92 மேட்ச், ஒரே ஒரு கோல். மைனர் லீக் என்ஃபோர்சர்கள்ல இதுக்கு மேல ஓடினவங்க ரொம்பக் கம்மி. ஆட்டத்தை விட்டதும் என்ஹெச்எல் டீமுக்கு ஸ்கவுட்டா போயிட்டார், பிளேயர்களோட திறமையைப் பாத்து எடைபோடுற வேலை. 92 மேட்ச்ல ஒரு கோல் போட்டவருக்கு ஆட்டம் அவ்ளோ நல்லா தெரிஞ்சிருக்குன்னுதானே அர்த்தம், வெறும் முஷ்டின்னு நெனச்சவங்களுக்கு இதை நான் எப்பவும் சொல்லுவேன்.

எண்ணிக்கையில அவரையும் தாண்டினவர் உண்டு, ஐஹெச்எல்னு இப்ப இல்லாத ஒரு லீக், அதுல கலமசூ விங்ஸுக்கு ஆடின கெவின் எவன்ஸ், 1986-87ல 648 நிமிஷம். ஸ்கேட்டிங்கே 19 வயசுல கத்துக்கிட்டு வந்த டக் ஸ்மித்னு ஒருத்தரும் இருந்தார், மாசசூசெட்ஸ்ல பாக்ஸிங் பண்ணிட்டிருந்தவர், ஈசிஹெச்எல் ஆரம்பிச்ச முதல் சீசன்லயே, 1988-89ல, கரோலைனா தண்டர்பேர்ட்ஸ் டீம்ல இடம் பிடிச்சார். யோசிச்சுப் பாருங்க, சின்ன வயசுலேர்ந்து அஞ்சு மணிக்கு எந்திரிச்சு ரிங்க்குக்குப் போன பசங்களுக்கு நடுவுல, 19 வயசுல முதல் முதலா ஐஸ்ல கால் வெச்ச ஆளு. இந்த வேலை இருந்ததாலதான் அவருக்கு அந்தக் கதவு திறந்துச்சு.

ஆனா எல்லாருக்கும் இப்படி முடியல. டெரெக் பூகார்ட் கதை தெரியாம யாரும் இந்த மாதிரி ஜெர்சி வாங்கக்கூடாதுங்கறது என் கருத்து. சஸ்காட்டூன்ல பிறந்தவர், ஆறடி ஏழு அங்குலம். 2002-03ல ஈசிஹெச்எல்ல லூசியானா ஐஸ்கேட்டர்ஸ் (IceGators), அப்புறம் ரெண்டு வருஷம் ஏஹெச்எல்ல ஹூஸ்டன் ஏரோஸ், அந்தப் படி எல்லாம் ஏறி 2005ல மினசோட்டா வைல்டுக்காக என்ஹெச்எல் போனார். 277 மேட்ச், மூணு கோல். அடி வாங்கி வாங்கி வலி, வலிக்கு மாத்திரை, மாத்திரைக்குப் பழகிப்போய், 2011 மே மாசம் வலி மாத்திரையும் மதுவும் சேந்து உயிரே போயிடுச்சு, 28 வயசு. குடும்பத்துக்காரங்க அவர் மூளையை ஆராய்ச்சிக்குக் குடுத்தாங்க, பாஸ்டன் யுனிவர்சிட்டியில பாத்துட்டு சிடிஈன்னு சொன்னாங்க, திரும்பத் திரும்ப தலையில அடிபட்டா மூளை கொஞ்சம் கொஞ்சமா கெடுற நோய், உயிரோட இருக்கறப்ப உறுதியா கண்டுபிடிக்க முடியாது. 28 வயசு மூளையில அவ்ளோ சேதம்.

எங்க ஊர்லேர்ந்து அரை மணி நேரம் தள்ளி பிரான்ட்ஃபோர்ட் இருக்கு. அங்க 2008 டிசம்பர்ல டான் சாண்டர்சன்னு 21 வயசுப் பையன், யூனிவர்சிட்டி ஸ்டூடன்ட், விட்பி டன்லப்ஸ் டீம்ல ஆடினவர், ஒரு சண்டையில ஹெல்மெட் கழண்டு, விழுந்து, தலை ஐஸ்ல பட்டுச்சு. கோமாவுலயே இருந்து 2009 ஜனவரி 2ஆம் தேதி இறந்துட்டார். அந்தப் பக்கம் கார்ல போறப்ப எல்லாம் எனக்கு அது ஞாபகம் வரும். பெரியவர் அன்னிக்கு ஏன் எந்திரிக்கலைன்னு நான் கேக்கவே இல்ல, கேக்கணும்னு தோணல, எனக்கா புரிஞ்சுது.

இப்ப இந்த வேலையே கிட்டத்தட்ட இல்லாம போச்சு. ஆட்டம் வேகமாயிடுச்சு, ஸ்கேட்டிங் வராத ஆளுக்கு டீம்ல இடம் குடுக்க யாராலயும் முடியல. 2016-17லேர்ந்து ஏஹெச்எல்ல ஒரு ரூல், ஒரு சீசன்ல 10 சண்டை போட்டா தானாவே ஒரு மேட்ச் சஸ்பென்ஷன், அதுக்கு மேல ஒவ்வொரு சண்டைக்கும் மறுபடி சஸ்பென்ஷன், 14லேர்ந்து ரெண்டு ரெண்டு மேட்ச். ஆட்டம் தொடங்க பக்கை ஐஸ்ல போடறதுக்கு முன்னாடியோ, போட்ட உடனேயோ சண்டை போட்டா மேட்ச்லேர்ந்தே வெளிய. இந்த ரூல்ல பான்வியோட 522 எல்லாம் இனி யாராலயும் தொடவே முடியாது. நல்லதுதான்னு நான் நினைக்கிறேன். மனசார சொல்றேன், எனக்கு அந்த மனுஷங்க மேல இருக்கிற மரியாதை வேற, அந்த வேலை மேல இருக்கிற அபிப்பிராயம் வேற. பத்து வயசுப் பையன் எனக்கும் இருக்கான், ஊர் ரிங்க்ல சனிக்கிழமை சனிக்கிழமை ஆடறான், அவனுக்கு இந்த வேலையை யாராச்சும் குடுத்தா நான் அந்த ரிங்க் வாசல்லயே நின்னு கூட்டிட்டு வந்துடுவேன்.

நல்லபடியா கரையேறினவங்களும் இருக்காங்க. டொரான்டோ பக்கம் இருக்கிறவங்களுக்கு ரிச் க்ளூனைத் தெரிஞ்சிருக்கும், மார்லீஸ்ங்கற ஏஹெச்எல் டீம்ல ரொம்ப வருஷம் ஆடினவர், டொரான்டோக்காரர். சின்ன வயசுலயே போதையில விழுந்து, 2010ல அதை விட்டு வெளிய வந்து, அதை மறைக்காம எல்லார்கிட்டயும் பேசினவர். 2018ல மார்லீஸ் கால்டர் கப் ஜெயிச்சப்ப டீம்ல இருந்தார். ஆட்டத்தை விட்டதும் அதே டீம் ஆளுங்க அவரை இளம் பிளேயர்களைப் பாத்துக்கிற வேலைக்கு வெச்சுக்கிட்டாங்க. இவரைப் பத்திப் பேசுறப்ப கூட ஆடினவங்க யாரும் முதல்ல சண்டையைச் சொல்றதில்ல, டிரஸ்ஸிங் ரூம்ல அவர் எப்படி இருந்தார்னுதான் சொல்றாங்க. எல்லா என்ஃபோர்சரைப் பத்தியும் இதை நிறைய கேட்டிருக்கேன், டீம்லயே மென்மையான ஆளு அவராத்தான் இருப்பாருன்னு, என் ஜெர்சிக்காரர் எப்படியோ தெரியாது, அப்படித்தான் இருந்திருப்பார்னு நம்ப ஆசை.

சரி, வாங்கலாமான்னா, கடைக்கு அஞ்சுக்கு ரெண்டுதான் குடுப்பேன், ஷிப்பிங் லேட், சான்றிதழ் தப்பு, பதில் சொன்ன விதமும் சரியில்ல. ஜெர்சிக்கு அஞ்சுக்கு அஞ்சு. வாங்குற முன்னாடி நேம்ப்ளேட் ஓரத்தை வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சு ஒரு போட்டோ, உள்பக்க முழங்கை ஒரு போட்டோ, ஸ்ட்ராப் அடித் தையல் ஒரு போட்டோ, இந்த மூணையும் கேளுங்க, குடுக்கலைன்னா அந்தப் பக்கமே போகாதீங்க. முடிஞ்சா கடையில வாங்காம நேரா டீம்கிட்ட வாங்குங்க, சின்ன லீக் டீம் நிறைய பேர் சீசன்ல ஒண்ணு ரெண்டு ராத்திரி மேட்ச் முடிஞ்ச கையோட பிளேயர் போட்டிருக்கிற ஜெர்சியை அங்கயே ஏலம் விடுவாங்க, பணம் பெரும்பாலும் ஏதாவது ஆஸ்பத்திரிக்கோ தர்மத்துக்கோ போகும், ஜெர்சியைக் கழட்டி உங்க கையில அவரே குடுப்பார், சான்றிதழே வேணாம்.

துவைக்காதீங்க. இதை அழுத்திச் சொல்றேன். எங்க வீட்ல ஒரு வாரம் இதுக்காக பேச்சுவார்த்தை நடந்துச்சு, கடைசியில கராஜ்ல காத்தாட பத்து நாள் தொங்கவிட்டோம், வாசனை முக்கால்வாசி போயிடுச்சு, மிச்சம் இருக்கிறது கிட்டப் போனாதான் தெரியும். வெயில் படாத சுவர்ல, கம்பி ஹேங்கர் இல்லாம அகலமான மர ஹேங்கர்ல மாட்டுங்க, இல்லைன்னா தோள்ல இருக்கிற தையல் பாரம் தாங்காம பிரியும். நான் முதுகுப் பக்கம் தெரியற மாதிரி மாட்டியிருக்கேன். பையன் வந்து பாத்துட்டு "அப்பா, இவர் எத்தனை கோல் போட்டார்?"னு கேட்டான். நாலுன்னேன். "நாலுதானா, நானே இந்த வருஷம் ஆறு போட்டேனே"ன்னான். உக்கார வெச்சு வலது தோளைக் காட்டினேன், ஒவ்வொரு தையலா விரலை வெச்சு எண்ணினான், ஏழு வந்ததும் "வலிச்சிருக்கும்ல"ன்னு மட்டும் கேட்டான்.

அடுத்ததா இதே காலத்து ஹாக்கி பேன்ட் ஒண்ணு தேடிட்டு இருக்கேன், 56க்கு சேர்ற சைஸ், பின்னாடி ஸ்ட்ராப் மாட்டுற லூப் பிஞ்சு போகாம இருக்கணும். ஒன்டாரியோவுல யாருக்காவது நம்பகமான இடம் தெரிஞ்சா சொல்லுங்க, நேர்ல வந்தே வாங்கிக்கிறேன்.